ஏழில் நின்ற முள்

அன்று காலை பதினொரு மணிக்குச் சலவைக்கூடத்தில் இருந்தவர்கள்: மடியில் நீலப் பெட்டியோடு தடுப்பூசி போட வந்த நர்ஸ், கையில் பெயர்ப் பட்டியலோடு சூப்பர்வைசர், வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு மூட்டைகளைப் பிரிப்பதால் எல்லோரும் மூட்டையண்ணன் என்று கூப்பிடுகிறவர், துவைக்கும் மெஷின்களை ஓட்டும் மாமனும் மருமகனும், இஸ்திரி மேசையில் நிற்கிற, அந்த வாரம் பேச்சுவார்த்தை இல்லாததால் பெஞ்சின் கோடிக்கொருவராக உட்கார்ந்திருந்த ஓரகத்திகள் இருவர், கிழிசல் தைக்கும் டெய்லர், துணி வண்டி டிரைவர், பாய்லர்க்காரரின் மனைவி. மடிப்புக்காரியும் இருந்தாள். ஆனால் அவளுக்கு நோய் வந்துபோய் ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்ததால் ஊசி கிடையாது, வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தாள். ஆக, கையை நீட்டத் தயாராக ஒன்பது பேர். வேண்டியது பத்து.

பத்தாவது ஆள் முப்பதடி தள்ளி ஓர் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தார். பாய்லர்க்காரர். கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது.

ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கூடத்துக்கு நர்ஸ் வருவது இது மூன்றாம் முறை. முதல் முறை ஆறு பேர் தேறினார்கள். இரண்டாம் முறை எட்டு. இரண்டு தடவையும் பெட்டி வந்த குளிர்ச்சி குறையாமல் திரும்பிப் போனது. இன்றைக்கு மருமகனை மாமன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்ததில் ஒன்பது ஆகியிருந்தது.

"ஒன்பதுக்கு உடைக்க மாட்டீங்களாம்மா?" என்று மூட்டையண்ணன் கேட்டார்.

"ஒரு ஊசி வீணாப்போனாலும் என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. வெளிய வந்து பாருங்க, மருந்து இல்லாம ஜனங்க தெரு முனை வரைக்கும் நிக்குது. மீந்துபோச்சு, சாக்கடையில ஊத்திட்டேன்னு நான் எந்த முகத்தை வச்சுட்டுச் சொல்லுவேன்?"

"அடுத்து எப்ப வருவீங்க?"

"சொன்னா பொய்யாயிடும்."

மூட்டையண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. மாடி வார்டுகளிலிருந்து கட்டி அனுப்பும் விரிப்புகளை முதலில் அவிழ்ப்பது அவர் கைதான். ஒரு வருஷத்துக்கு மேலாக, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடிச்சை அவிழ்த்துவிட்டு, தள்ளிப் போய் மூச்சு விட்டுவிட்டு, திரும்பி வந்து அடுத்த முடிச்சை அவிழ்க்கிறார். முத்துக் குளிக்கிறவன் மாதிரி ஆகிவிட்டது என் பிழைப்பு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. சட்டையின் இடது கையை ஏற்கெனவே தோள் வரைக்கும் சுருட்டி வைத்திருந்தார்.

சூப்பர்வைசர் எழுந்து போய் இரும்புக் கதவைத் தட்டினார். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதில் பாய்லர்க்காரரின் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன.

"அண்ணே, ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போயிடுங்க."

"உனக்கு ஸ்டீம் வேணுமா, நான் வேணுமா?"

"ரெண்டும் வேணும்ணே."

"ரெண்டும் கிடைக்காது. ஒண்ணைச் சொல்லு."

சூப்பர்வைசர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "அவர் வர மாட்டாரு" என்று நர்ஸிடம் சொன்னார். "ஊசி போட்டா காய்ச்சல் வருமாமே. காய்ச்சல் வந்தா நாளைக்கு பாய்லருக்கு ஆள் இல்ல. சான்றிதழ் இருக்கறவரு அவர் ஒருத்தருதான்." எல்லோரும் பாய்லர்க்காரரின் மனைவியைப் பார்த்தார்கள். அவள் சுவரிலிருந்த விதிமுறைப் பலகையை, முதல் தடவை பார்ப்பதுபோல, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே பாய்லர்க்காரர் எரிக்கும் மரத்தூள் கட்டிகளைத் தீவாயில் தள்ளிவிட்டு, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். பாதி. அழுத்தம் காட்டும் வட்டத்தைப் பார்த்தார். முள் ஏழில் நின்றது. ஏழு கிலோ அழுத்தம் இருந்தால்தான் மெஷினில் தண்ணீர் கொதிக்கும், இஸ்திரி உருளை காயும், மாடியில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் வேகும். ஆறுக்கு இறங்கினால் டாக்டர்கள் போன் செய்வார்கள். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு போன் அவருடைய நேரத்தில் வந்ததில்லை. தன் கல்யாணத்தன்றுகூட முகூர்த்தம் முடிந்து மத்தியானமே வந்து நின்ற ஆள். இதை அவர் அடிக்கடி சொல்வார். சொல்லக்கூடாத இடத்திலும் சொல்வார்.

நோய்க் காலத்தில் இந்தப் பெருமை இரட்டிப்பானது. வார்டுகள் நிரம்பின, துணி மலைபோல வந்தது. கூடத்தில் பாதிப் பேர் மாறி மாறிப் படுத்தார்கள். அவர் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. முன்பு இரண்டு ஷிப்ட்: காலையில் அவர், இரண்டு மணிக்கு மேல் அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. மைத்துனன் போன பிறகு, ஆள் தேடுகிறோம் தேடுகிறோம் என்று நிர்வாகம் பதினாலு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறது. அதுவரைக்கும் காலை ஆறு முதல் இரவு எட்டு வரை அவரேதான். ராத்திரி தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் "என்னை விட்டா அங்க நாதி இல்ல" என்பார். பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பார்.

காய்ச்சலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மைத்துனன் கதையைச் சொல்வார். கடைசியாக அவன் வேலைக்கு வந்த நாளில் உடம்பு அனலாகக் கொதித்தது. இருந்தும் இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை ஒற்றை ஆளாக நின்றான். எட்டு மணி நேரத்தில் முள் ஏழிலிருந்து அரைக்கோடு இறங்கவில்லை. குறிப்பேட்டில் மணிவாரியாக எழுதியிருக்கிறது. மறுநாள் காலையில் அவரே பார்த்தார். "அதுதான் ஆம்பளை. அதுதான் பாய்லர்க்காரன்" என்று முடிப்பார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். எட்டாம் நாள் அவன் மாடி வார்டில் செத்துப்போனான். அவன் படுத்திருந்த விரிப்பு மூட்டையாகக் கீழே வந்து, மற்றவர்களுடையதோடு சேர்ந்து, இவருடைய நீராவியில்தான் வெந்தது. அதைக் கதையில் சேர்ப்பதில்லை.

சேர்க்காத இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு இரண்டு மணிக்கு அவன் வந்ததும் வாசலிலேயே நின்று, "மாமா, உடம்பு கொதிக்குது. இன்னைக்கு ஒரு நாள் நீங்களே சேத்துப் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டான். இவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு அவசர வேலை எதுவும் இல்லை. "காய்ச்சல் எல்லாம் ஒரு காரணமாடா மாப்ள? பாய்லர் பக்கத்துல நிக்கறவன் உடம்பு சுடாம ஐஸாட்டமா இருக்கும்?" என்றார். அவனும் சிரித்தான். தண்ணி பாதி, முள்ளு ஏழு, தீ நல்லா இருக்கு என்று ஒப்படைத்துவிட்டு இவர் கிளம்பிவிட்டார்.

நல்ல ஜோக்தான். வேறொரு நாளாக இருந்திருந்தால் இரண்டு பேரும் மறந்திருப்பார்கள்.

இன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டு, நாளைக்குக் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தால் என்ன அர்த்தம்? காய்ச்சல் ஒரு காரணம் என்று அர்த்தம். அப்படியானால் அன்றைக்கும் அது காரணம்தான். இந்தக் கணக்கை அவர் ராத்திரிகளில் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வந்தது. அதனால்தான் தாழ்ப்பாள். நோய்க்குப் பயந்தோ ஊசிக்குப் பயந்தோ அல்ல.

கதவு மறுபடி தட்டப்பட்டது. கண்ணாடியில் மனைவியின் நெற்றி தெரிந்தது. அவளுக்குத் திறக்காமல் இருக்க முடியாது. அவளும் பாய்லர் அறை ஆள். தம்பியின் ஷிப்டில் மூன்று வருஷம் உதவியாளாக அவள் பெயர் பதிவேட்டில் இருந்தது. கட்டிகளைத் தள்ளுவாள், சாம்பல் அள்ளுவாள், தம்பியோடு உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவாள் என்பது அவருடைய எண்ணம். தம்பி போனதும் இரண்டாம் ஷிப்ட் நின்றது, அவள் இஸ்திரிப் பக்கம் போய்விட்டாள்.

அவர் இரண்டு தாழையும் நீக்கினார். கேண்டீன்காரர் ஒருநாள் சுடுதண்ணீர் பிடிக்க வந்து, திறக்கக்கூடாத வால்வைத் திறந்து கையை வேகவைத்துக்கொண்டதிலிருந்து அவர் போட்ட சட்டம் அது: ஷிப்டில் நிற்கிறவர் உள்ளேயிருந்து மேல் தாழும் கீழ்த் தாழும் போட வேண்டும்.

"கேக்க வந்தியா?" என்றார்.

"இல்ல. நான் ஏன் கேக்கணும்? உங்க கை, உங்க உடம்பு."

"அப்புறம்?"

அவள் மூலையிலிருந்த பீரோவைத் திறந்தாள். அடித்தட்டில் குனிந்து, பழைய குறிப்பேடுகளுக்கு நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். அட்டையில் மைத்துனன் கடைசியாக வேலைக்கு வந்த மாதத்தின் தேதி இருந்தது. பதினாலு மாதமாக அந்தத் தட்டுப் பக்கம் அவர் கை போனதில்லை. மேசையில் வைத்து, தேடாமல், சரியான பக்கத்தைத் திருப்பினாள். பல தடவை திருப்பப்பட்ட பக்கம். தானாகவே விரிந்து நின்றது.

ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. எதுவானாலும் எழுத வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான். மறுநாள் காலையில் அவர் நேராக எண்களை மட்டும் பார்த்தார். ஏழு, ஏழு, ஏழு. குறிப்புக் கட்டத்தைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

இரண்டு மணிக்கு எதிரே மைத்துனனின் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: 'உடம்பு சுடுகிறது. மாமாவிடம் சொன்னேன். சமாளிக்கலாம் என்றார்.'

பம்ப் ஒருதடவை ஓடி நின்றது. அவர் பழக்கத்தில் கண்ணாடிக் குழாயைத் திரும்பிப் பார்த்தார். பாதி. பிறகு அவளைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்தார்.

"எப்ப படிச்ச?"

"அவன் எழுதறப்பவே பக்கத்துல நின்னேன்."

"பதினாலு மாசமா ஒரு வார்த்தை கேக்கலையே."

"திட்டணும்னா அன்னைக்கே திட்டியிருப்பேன். என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "அதுக்கு வரல. எண்ணைப் பாருங்க. நீங்க ஊர் பூரா சொல்லிட்டுத் திரியற எண்ணு."

பார்த்தார். இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி: கோணல் எழுத்து, எட்டு எது மூன்று எது என்று தெரியாத கிறுக்கல். நாலு மணிக்கு முள் ஏழில் இல்லை, ஆறரை; மறுநாள் காலையில் அந்தக் கிறுக்கலையும் அவர் ஏழென்றே வாசித்திருந்தார். ஐந்து மணியிலிருந்து எண்கள் நிமிர்ந்து நின்றன. ஏழு. ஏழு. ஏழு. பத்து மணி வரை, இஸ்திரி போட்டு வைத்ததுபோல. காய்ச்சலிலும் எப்படி எழுதியிருக்கிறான் பார் என்று அன்றைக்குக் காலையில் வியந்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டாம் ஷிப்டின் பழைய பக்கங்களிலும் பாதிக்குப் பாதி இதே நிமிர்ந்த எழுத்துத்தான். மைத்துனன் நல்ல மனநிலையில் இருந்தால் ஒழுங்காக எழுதுவான் என்றுதான் அவர் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு மேல அவனால நிக்க முடியல" என்றாள். "சாக்கை விரிச்சு அந்தச் செவுத்தோரம் படுக்க வச்சேன். சுருண்டுட்டான். பல்லு அடிக்குது. போடா வீட்டுக்குன்னா, மாமா நாளைக்குக் கேப்பாருங்கறான். அப்புறம் நான்தான் நின்னேன். ஆறரைக்கு எறங்கினதை ஏழுக்குக் கொண்டாந்தேன், பத்து மணி வரைக்கும் எறங்க விடல."

"தனியாவா?"

"கூட யாரு, இந்தப் பீரோவா?"

அவர் சுவரோரம் பார்த்தார். அங்கே இப்போது சாம்பல் வாளி இருந்தது. தான் ஊரெல்லாம் நிற்கவைத்த ஆள் இந்த இடத்தில் சாக்கின் மேல் சுருண்டு கிடந்திருக்கிறான். தான் வம்பு பேச வந்தவள் என்று நினைத்தவள் இந்த வட்டத்துக்கு முன்னால் ஐந்து மணி நேரம் நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் அந்தக் கதையை மாற்றிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், பக்கத்தில் பரிமாறிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்டிருக்கிறாள். முகத்தில் எதுவும் காட்டியதில்லை.

"வீட்டுக்குப் போயிருந்தா பிழைச்சிருப்பானா?" என்று கேட்டார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"தெரியாது. உங்களுக்கும் தெரியாது, மாடியில இருக்கற டாக்டருக்கும் தெரியாது. ஆனா சாக்குல படுத்திருக்க வேண்டாம்." விரலால் அந்த எண்களைத் தட்டினாள். "காய்ச்சல் வந்தவன் நின்னான்னு சொல்லாதீங்க இனிமே. காய்ச்சல் வந்தவன் படுத்தான். காய்ச்சல் இல்லாதவ நின்னா. அவ்வளவுதான் நடந்தது."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் குறிப்பேட்டின் மேல் வைத்தாள். அவர் பிரித்தார். பாய்லர் இயக்குநர் சான்றிதழ், இரண்டாம் நிலை. அவள் பெயர், அவள் அப்பா பெயர், முத்திரை, முறைத்துப் பார்க்கும் அவள் போட்டோ. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

"எப்ப எழுதின இந்தப் பரீட்சையை?"

"தங்கச்சியைப் பாத்துட்டு வரேன்னு ஒருநாள் போனேனே. வந்ததும் சாப்பாடு ஆறிப்போச்சுன்னு தட்டைத் தள்ளிவிட்டீங்க."

"மூணு வாரமா ஏன் சொல்லல?"

"தினம் சொல்லலாம்னுதான் இருப்பேன். நீங்க உக்காந்ததும் என்னை விட்டா நாதி இல்லம்பீங்க. அதைச் சொல்ற அன்னைக்குத்தான் ஒழுங்கா சாப்பிடறீங்க. சரி, சாப்பிடட்டும்னு விட்டுட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் அது வந்திருக்கக் கூடாது, ஆனால் வந்தது. காகிதத்தைத் திரும்பவும் படித்தார். கைரேகை பதிந்துவிடுமோ என்று ஓரத்தில் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் இந்தக் காகிதம் வைத்திருக்கும் பெண் வேறு யாராவது இருப்பாளா என்று யோசித்தார். இருக்க முடியாது என்று தோன்றியது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்ல ஏறியது, காலையில் முதல் தீ பிடித்து முள் நகரத் தொடங்கும்போது ஏறுவதுபோல.

"ரெண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தா?" என்றார். கடைசியாக மிச்சமிருந்த சாக்கு அதுதான்.

"எனக்கு வந்தா நீங்க நில்லுங்க. உங்களுக்கு வந்தா நான் நிப்பேன். ரெண்டு பேருக்கும் வந்தா தீயை அணைச்சுட்டு ரெண்டு பேரும் படுப்போம். ஆஸ்பத்திரி ஒருநாள் நேத்துத் துவைச்சதை விரிச்சுக்கட்டும்."

பாய்லர் அணைவது என்ற பேச்சை அந்த அறைக்குள் யாரும் இதுவரை இவ்வளவு சாதாரணமாகப் பேசியதில்லை. அவர் பாய்லரைப் பார்த்தார். அது எப்போதும்போல உறுமிக்கொண்டிருந்தது.

"போய் நீ முதல்ல போட்டுக்க" என்றார். "அரை மணி உக்காந்துட்டு வா. நீ வந்து நின்னப்புறம் நான் போறேன்."

கூடத்தில் அவள் போய் "பத்து" என்று மட்டும் சொன்னாள். நர்ஸ் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தபோது மூட்டையண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "உக்காருங்க, உங்களுக்குத்தான் முதல்ல" என்றார் நர்ஸ். ஊசி இறங்கியபோது அவர் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க, முடிஞ்சுது" என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மருமகன் கண்ணை மூடிக்கொண்டு மாமன் கையை நசுக்கினான். ஒவ்வொருவராக முடிந்து, அரை மணி நேரம் கழித்து இரும்புக் கதவு திறந்தது. பாய்லர்க்காரர் வெளியே வந்தார். வேலை நேரத்தில், பகல் வெளிச்சத்தில், கூடத்துக்கு நடுவில் அவரைப் பார்த்தது அநேகருக்குப் புதிதாக இருந்தது. அவருக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது.

"அண்ணே, உள்ள யாரு?" என்று சூப்பர்வைசர் பதறினார்.

"பாய்லர்க்காரி" என்றார்.

மடித்த காகிதத்தை நீட்டினார். சூப்பர்வைசர் படித்தார், டெய்லர் எட்டிப் பார்த்தார், டிரைவர் வாங்கிப் படித்தார். அது பெஞ்சு முழுக்கக் கை மாறிப் போய் வந்தது. ஒரு கோடியிலிருந்த ஓரகத்தி மறு கோடிக்கு அதை நீட்டும்போது, "பாத்தியாடி?" என்றாள். வாரம் முழுக்கப் பேசாததை மறந்துவிட்டாள். மற்றவளும் மறந்துவிட்டு, "நம்ம அக்காவா?" என்றாள்.

"கையைத் தளர்த்துங்க" என்றார் நர்ஸ். "இரும்பு மாதிரி வச்சிருக்கீங்க."

"வெல்டிங்காரரைக் கூப்பிடலாமா?" என்று மடிப்புக்காரி கேட்டாள்.

ஊசி ஒன்றுமே இல்லை. எறும்பு கடித்தால்கூட இதைவிட மரியாதையாகக் கடிக்கும் என்று நினைத்துக்கொண்டார். அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்றார் நர்ஸ். இஸ்திரி உருளையின் பக்கத்திலும் ஒரு சின்ன வட்டம் உண்டு, பாய்லரிலிருந்து வரும் அழுத்தத்தைக் காட்டும். அதற்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். யார் பேச்சுக் கொடுத்தாலும் ம் என்றார். பத்து நிமிஷம் போனது. ஓரகத்திகள் உருளையை ஓட்டத் தொடங்கினார்கள்; ஈர விரிப்பு உள்ளே போனதும் முள் லேசாக நடுங்கி ஆறே முக்காலுக்கு இறங்கியது. அவர் தொடையில் வைத்திருந்த கை இறுகியது. உள்ளே அவள் தீயைக் கிளற வேண்டும், இப்போதே கிளற வேண்டும், காற்றைக் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் முள் ஏறி ஏழில் வந்து நின்றது. அவராக இருந்தால் இன்னும் அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

"என்னண்ணே, தலை சுத்துதா?" என்று மூட்டையண்ணன் கேட்டார். "கண்ணெல்லாம் ஒரு மாதிரி இருக்கே."

"முள்ளைப் பாரு" என்றார் பாய்லர்க்காரர். "அன்னைக்கு நின்னது என் மாப்ள இல்ல. இவதான். அஞ்சு மணி நேரம். ஒத்தையா."

அந்தக் கதையைத் திருத்திச் சொன்னது அதுதான் முதல் தடவை. திருத்திய கதையில் தன்னுடைய ஜோக்கையும் சேர்த்துச் சொன்னார். மூட்டையண்ணன் பாதியில் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு, சொல்லி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமாதானமாக எதுவும் சொல்லவில்லை. அதற்காக அவரை இவருக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர்தான் வந்து தீ மூட்டினார். ஒன்றும் இல்லை, கை மட்டும் கொஞ்சம் வலி. மனைவிக்கு அதுவும் இல்லை. ஊசி ஏமாற்றிவிட்டது, தண்ணியை ஏத்திட்டாங்க என்று எட்டு மணிக்கு டெய்லரிடம் கேலி பேசினார். ஒன்பதுக்குப் பிடரியில் குளிர்ந்தது. ஒன்பதரைக்கு, ஏழு கிலோ நீராவியின் பக்கத்தில் நின்றுகொண்டு, பல் அடித்தது. கட்டிகளைத் தள்ளும் கம்பி கையிலிருந்து நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவர் சுவரோரத்தைப் பார்த்தார். சாம்பல் வாளியை நகர்த்தினால் ஒரு சாக்கு விரிக்கலாம். யாருக்கும் தெரியாது. மத்தியானத்துக்குள் சரியாகிவிடும்.

அவர் கதவுக்குப் போய் இரண்டு தாழையும் நீக்கி, "ஏய், இந்தா" என்று கூப்பிட்டார்.

அவள் இஸ்திரி மேசையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. உள்ளே வந்ததும் நேரே வட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"தண்ணி பாதி" என்றார்.

அவள் குனிந்து கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். "தண்ணி பாதி."

"முள்ளு ஏழு."

"முள்ளு ஏழு."

"தீ நல்லா இருக்கு."

அவள் தீவாயைத் திறந்து பார்த்தாள். "ஒரு பக்கமா எரியுது. நான் பாத்துக்கறேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவரை இப்படித் திருத்தி ஷிப்டை வாங்கியவர் யாரும் இல்லை. எட்டிப் பார்த்தார். ஆமாம், ஒரு பக்கமாகத்தான் எரிந்தது. கிளறாமல் விட்டது அவர் கைதான்.

குறிப்பேட்டை இழுத்து, ஒன்பதரைக்கு எதிரே கட்டத்தில் எழுதினார்: 'காய்ச்சல். வீட்டுக்குப் போகிறேன்.' எழுத்து கோணலாக வந்தது, கிட்டத்தட்ட மைத்துனனுடையதைப்போல. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அவளிடம் கொடுத்தார். அவள் அதற்கடியில் நேரத்தை எழுதி, தன் பெயரை முழுதாக, நிமிர்ந்த எழுத்தில் எழுதினாள். ஈரம் காயட்டும் என்று ஏட்டை மூடாமல் வைத்தாள்.

"தட்டு மூடி வச்சிருக்கேன். சூடா இருக்காது" என்றாள்.

"பரவால்ல."

"போர்வை பரண்ல இருக்கு. ஏறாதீங்க, பக்கத்து வீட்டுல கேளுங்க."

அவர் வெளியே வந்தார். கூடத்தில் மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன, மூட்டையண்ணன் அடுத்த முடிச்சில் கை வைத்திருந்தார், இஸ்திரி உருளைக்குள் வெள்ளை விரிப்பு ஒன்று போய்க்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த சின்ன வட்டத்தில் முள் ஏழில் நின்றது. அவருக்குப் பின்னால் இரும்புக் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. மேல் தாழ் விழுந்தது. அவர் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றார். மைத்துனன் எப்போதும் மேல் தாழோடு விட்டுவிடுவான். எத்தனை தடவை சொல்லியும் குனிய மாட்டான். ஒரு நொடி ஆனது. உள்ளே அவள் குனியும் வளையல் சத்தம் கேட்டது. பிறகு கீழ்த் தாழும் விழுந்தது.